அடிக்கல்லுக்கு முன் ஓர் ஒப்பந்தம்

2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்ற கணக்கில் வென்று, சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் கால்பந்துப் பட்டத்தைக் கைப்பற்றியது. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதல் முறை. பெயரில் சென்னை இருந்தாலும் அந்த அணி சொந்த மைதானமாகக் கொண்டது கோவையைத்தான். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப் அதில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. கொங்கு மண்ணில் தொழில்முறைக் கால்பந்து வேர்பிடித்துவிட்டது என்று நம்ப அன்று எல்லாக் காரணமும் இருந்தது. 2021-க்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை.

அணி போய்விட்டது, அரங்கம் நிற்கிறது. காலையில் நடக்க வருகிறவர்களும் ஓட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் அதற்கு எப்போதும் உண்டு. ஓர் அணியை மட்டும் நம்பிக் கட்டப்படாததால்தான் அணி போன பின்னும் அது ஊருக்குப் பயன்படுகிறது. திருப்பூருக்குப் புதிய அரங்கம் வேண்டும் என்று கேட்கும் நாம் எல்லோரும் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

கேட்பதில் தவறே இல்லை. 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில், கோவையில் சர்வதேசத் தரத்தில் கிரிக்கெட் மைதானம் அமைக்கப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் வாக்குறுதி அளித்தார். ஒண்டிப்புதூர் திறந்தவெளிச் சிறை நிலம் அதற்காகப் பார்வையிடப்பட்டது. கோவைக்குக் கிரிக்கெட் என்றால் திருப்பூருக்குக் கால்பந்து ஏன் கூடாது? 2024-25-ல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. உலகக் கோப்பை வந்தால் அர்ஜென்டினா, பிரேசில் ஜெர்சிகளுக்குக் கேரளத்திலிருந்து ஆர்டர் குவிகிற ஊர். அந்த ஜெர்சியைத் தைக்கிற பையனுக்கு, ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு விளையாட இடம் இல்லை. 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானது. மாவட்டத்துக்கு என ஒரு விளையாட்டரங்கம், சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி வளாகத்தில், பேச்சும் கட்டுமானமுமாக ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே வந்தது.

பனியன் கம்பெனியின் நேரத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிறு ஒரு நாள் லீவு. சிங்கர் டைலரும் ஓவர்லாக் ஆளும் கைமடிக்கிற பெண்ணும் செக்கிங் பிள்ளைகளும் மூச்சுவிடுகிற நாள் அது ஒன்றுதான். ஜார்க்கண்டிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் பலர் பந்தைக் காலில் வைத்தே வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இன்று கிடைப்பது புதிதாக முளைத்திருக்கும் தனியார் டர்ஃப் மைதானங்கள். மணிக்கணக்கில் வாடகை, அதுவும் இரவில் விளக்குக்குச் சேர்த்து. வாரச் சம்பளக்காரர் எத்தனை முறை கட்ட முடியும்? நம் ஊரில் விளையாட்டரங்கம் என்ற பேச்சு இந்த மனிதர்களிடமிருந்து தொடங்கவில்லை என்றால், அது கேலரிக்கும் திறப்பு விழாவுக்கும் மட்டுமே பயன்படும்.

பொதுப்பணம் போடலாமா என்ற கேள்விக்கு நம் பதில்: போடலாம், போடவும் வேண்டும். ஆனால் அந்தப் பணத்துக்கு ஈடாக ஊருக்கு என்ன கிடைக்கும், நட்டம் வந்தால் யார் தாங்குவது, முப்பது ஆண்டு பராமரிப்பை யார் ஏற்பது என்ற மூன்றும் எழுத்தில் வந்த பிறகுதான் போட வேண்டும்.

இதற்குப் பாடம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. நம் ஊர்த் தண்ணீரே இருக்கிறது. சாய ஆலைகள் டேங்கர் லாரித் தண்ணீரை நம்பி நடந்த காலத்தில், அரசும் ஏற்றுமதியாளர் சங்கமும் நிதி நிறுவனமும் சேர்ந்து புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகத்தை அமைத்தன. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர், மதிப்பீடு 1,023 கோடி ரூபாய், முப்பது ஆண்டு உரிமை. தனியாரும் அரசும் சேர்ந்து நடத்திய நகரத் தண்ணீர்த் திட்டங்களில் இந்தியாவில் முன்னோடி இதுதான். கட்டண அமைப்பு அதைவிட முக்கியமானது. தொடக்கத்தில் ஆயிரம் லிட்டருக்கு ஆலைகள் சுமார் 45 ரூபாய் கட்டின. வீட்டுக் குடிநீருக்கு வைத்த விலை சுமார் 5 ரூபாய். லாபம் பார்ப்பவர் கூடுதலாகக் கொடுக்க, குடிப்பவர் குறைவாகக் கொடுத்தார். பொறுப்பைப் பகிர்வது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்த ஊரில் இல்லை.

அதே திட்டம் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. நொய்யலில் சாயக் கழிவு கலந்ததால் ஒரத்துப்பாளையம் அணைப் பகுதி விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் அழுதார்கள். கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரே வெளியேறாத முறைக்கு மாறிய பிறகு ஆலைகள் தங்கள் தண்ணீரையே சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கின. பவானித் தண்ணீருக்கு இருந்த தொழில் தேவை சரிந்தது. அந்தத் தேவையை நம்பி வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் கழகம் திணறியது. நல்ல எண்ணத்தில் போட்ட கணக்கும் தவறும் என்பதற்கு இதைத் தவிர வேறு சாட்சி வேண்டாம். தண்ணீர் என்பதால் குழாய் வீணாகவில்லை, வீடுகளுக்கு ஓடுகிறது. வெறும் முப்பதாயிரம் நாற்காலி என்றால்?

தொழில்முறைக் கால்பந்தின் கணக்கு தண்ணீரை விட நிச்சயமற்றது. இந்தியன் சூப்பர் லீக்கில் 2024-25 பருவத்தில் 13 அணிகள். ஒரு அணிக்குச் சொந்த மைதானத்தில் 12 ஆட்டம். மீதி 350-க்கும் மேற்பட்ட நாட்களில் அரங்கம் என்ன செய்யும்? அந்த லீக்கே 2025-ல் ஆட்டம் கண்டது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கின் வணிகப் பங்குதாரருக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்த நிலையில், வழக்கம்போல் செப்டம்பரில் தொடங்க வேண்டிய பருவம் தொடங்கவில்லை. ஆகஸ்டிலேயே சில அணிகள் வீரர்களின் சம்பளத்தை நிறுத்திவைக்கும் நிலைக்கு வந்துவிட்டன. நாட்டின் முதல்நிலை லீக்குக்கே இந்தக் கதி என்றால், இன்னும் பிறக்காத ஓர் அணியின் டிக்கெட் வருமானத்தை நம்பி மாநகராட்சி கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரம் போட்டது. 1995-ல் பொதுப்பணத்தில் கூரை போட்ட அரங்கம் கட்டி, ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியை வரவழைத்தது. 2016-ல் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. நகரமும் மாவட்டமும் மாநிலமும் போன அணியின் அரங்கத்துக்காகப் பின்னும் சில ஆண்டுகள் தவணை கட்டிக்கொண்டிருந்தன. ஜெர்மனியின் மியூனிக் வேறு வழியில் போனது. 2001 அக்டோபரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. அரங்கத்தின் செலவு கிளப்புகளின் பொறுப்பு, சாலையும் மெட்ரோ வசதியும் பொதுப்பணத்தின் பொறுப்பு என்று பிரித்தது. சிங்கப்பூரில் தனியார் கூட்டமைப்பிடம் ஒப்படைத்த ஸ்போர்ட்ஸ் ஹப் வளாகத்தை, மக்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பயன்படவில்லை என்று 2022 டிசம்பரில் அரசே எடுத்துக்கொண்டது. அத்தனை ஒழுங்குள்ள நகரத்திலேயே முதல் ஒப்பந்தத்தைக் கலைக்க வேண்டி வந்தது.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு நிலத்தைக் கொடுத்தால் செலவே இல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சென்னை கிண்டியில் 160 ஏக்கர் அரசு நிலம் 1945-ல் ரேஸ் கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது, ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். அந்த வாடகையை மாற்ற அரசு பல பத்தாண்டு வழக்காட வேண்டியிருந்தது. 2024-ல்தான் நிலம் மீட்கப்பட்டது. குதிரைப் பந்தயத்துக்கு நேர்ந்தது கால்பந்துக்கு நேராது என்று யார் உறுதி தருவது? குத்தகைக் காலம் குறுகியதாகவும், வாடகை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாறுவதாகவும், அணி இரண்டு பருவம் ஆடாவிட்டால் உரிமை தானாக ரத்தாவதாகவும் முதல் நாளே எழுதிவிட வேண்டும்.

இனி யார் என்ன கொடுப்பது என்று பார்ப்போம். அரசும் மாநகராட்சியும் நிலம், சாலை, பஸ் வசதி, அடிப்படைக் கட்டுமானம் ஆகியவற்றைக் கொடுக்கட்டும். தொகுதிக்கு ஒன்று என்று தலா மூன்று கோடி ரூபாயில் முதலமைச்சர் சிறு விளையாட்டரங்கத் திட்டம் அறிவிக்கப்பட்டதே, நம் மாவட்டத்துக்கு முதல் தேவை அதுபோன்றவைதான். திருப்பூர் வடக்கிலும் தெற்கிலும் பல்லடத்திலும் அவிநாசியிலும் நல்ல புல்தரை, விளக்கு, பெண்களுக்கு உடை மாற்ற அறை, கழிப்பறை இருந்தாலே ஞாயிற்றுக்கிழமை நிரம்பிவிடும். பெரிய அரங்கம் அதற்குப் பிறகு, ஐயாயிரம் பேர் உட்காரும் அளவில் தொடங்கி, கூட்டம் வர வர நீட்டிக்கொள்ளும்படி இருக்கலாம்.

தொழில் தரப்பும் தன் பங்கைத் தர வேண்டும். இதைச் சொல்லும்போது யாரையும் குற்றம் சாட்டவில்லை. நிறுவனச் சட்டத்தின்படி ஆண்டு நிகர லாபம் ஐந்து கோடி ரூபாயை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. மாநில அரசு 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை வழியாகவும் கொடுக்கலாம். ஆனால் திருப்பூரின் பெரும்பகுதி ஜாப் ஒர்க் யூனிட்டுகள், பங்குதாரர் நிறுவனங்கள், சட்டத்தின் அந்த வரம்புக்குள் வராதவை. அவர்களிடம் பணம் கேட்பதை விட நேரம் கேட்கலாம். வாரத்தில் ஒரு மாலை ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாக்கி, பையன்களையும் பெண்களையும் மைதானத்துக்கு அனுப்பட்டும். அதைவிடப் பெரிய நன்கொடை இந்த ஊரில் இருக்க முடியாது.

ஏற்றுமதியாளர்களின் கையிருப்பை மட்டும் நம்பவும் கூடாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது, எத்தனை ஆர்டர் நின்றது என்று நம் எல்லோருக்கும் தெரியும். அப்படியான ஆண்டில் ஸ்பான்சர்ஷிப்தான் முதலில் வெட்டப்படும். அதனால் நல்ல ஆண்டுகளில் கொடுப்பதை வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியில் பராமரிப்பு நடக்கும்படி ஓர் அறக்கட்டளை வேண்டும். அதில் மாநகராட்சி, தொழில் அமைப்பு, தொழிற்சங்கம், மாவட்டக் கால்பந்துச் சங்கம், பள்ளி உடற்கல்வி ஆசிரியர் என்று எல்லோரும் உட்கார வேண்டும். தொழிற்சங்கத்துக்கு இடம் என்பது சலுகை இல்லை. மைதானத்தில் ஆடப்போகிறவர்கள் அவர்கள் உறுப்பினர்களே.

பராமரிப்பு என்றதும் பலர் கடந்துபோகிற ஒன்று புல். சர்வதேச அளவு ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கோடையில் அந்தப் புல்லுக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் 35,700 லிட்டர் ஆகிறது. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று குடங்களோடு காத்திருக்கும் தெருக்கள் உள்ள ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை. மாநகராட்சியின் சுத்திகரித்த கழிவுநீரைத்தான் புல்லுக்கு விட வேண்டும். சாயக் கழிவையே சுத்திகரித்து மீண்டும் ஆலைக்குள் விடக் கற்றுக்கொண்ட ஊருக்கு இது முடியாத காரியம் இல்லை. செயற்கைப் புல் போட்டால் தண்ணீர் மிஞ்சும். ஆனால் நம் வெயிலில் சூடு ஏறும், சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். எதைத் தேர்ந்தாலும் பத்தாம் ஆண்டுச் செலவு இன்றே மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.

அணி ஒன்று வந்தால் வரவேற்போம். அது வாடகை கொடுக்க வேண்டும், டிக்கெட்டில் ஒரு பங்கு அறக்கட்டளைக்குத் தர வேண்டும், நம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் நடத்த வேண்டும். ஆட்டம் இல்லாத ஞாயிறுகளில் மைதானம் தொழிலாளர் லீக்குக்குத் திறந்திருக்க வேண்டும், கட்டணம் இல்லாமல். ரசிகர்களாகிய நமக்கும் கடமை உண்டு. இலவச பாஸ் கேட்டு நிற்காமல் ஐம்பது ரூபாய் டிக்கெட்டை வாங்கிப் போவது அதில் முதலாவது. நாற்காலியை உடைக்காமல் வருவது அடுத்தது. இந்த ஊர் மக்கள் பொறுப்பெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு, 2015-லிருந்து மரக்கன்று நட்டுவரும் 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கமே கண்முன் இருக்கிறது.

ஆகவே மாநகராட்சி உறுப்பினர்களுக்கும், சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், தொழில் அமைப்புகளுக்கும் எங்கள் வேண்டுகோள் இது. நிலக் குத்தகை, கடன் தொகை, பராமரிப்பு நிதி, ஞாயிறு நேர ஒதுக்கீடு ஆகிய நான்கும் கொண்ட ஒப்பந்த வரைவைத் தமிழில் அச்சிடுங்கள். மாமன்றக் கூட்டத்தில் வைத்து விவாதியுங்கள், தொழிற்சங்க அலுவலகங்களுக்கும் கம்பெனி வாசல்களுக்கும் அனுப்பி ஒரு மாதம் கருத்துக் கேளுங்கள். அதுவரை அடிக்கல் நாட்டுவதற்குத் தேதி குறிக்காதீர்கள்.