மறுபாதி எங்கே?

தம்பி!

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறிற்று; மேற்குத் தாம்பரத்து வீடுகளிலே வெள்ளம் புகுந்தது. அன்று இடுப்பளவு நீரில் இறங்கி, முதியோரைத் தோளிலே தூக்கி வந்தவன் யார்? இளைஞன்!

2021இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. 2022 பிப்ரவரி 19இல் முதல் தேர்தல். 70 வட்டங்கள், வாக்களித்தோரோ ஏறத்தாழப் பாதிப்பேரே! மறுபாதியிலே அந்த இளைஞனும் இருந்தானோ என்றெண்ணி நெஞ்சு பதைக்கிறது.

வெள்ளத்துக்கு அஞ்சாதவன் வாக்குச்சாவடிக்கு வரத் தயங்குவானேன்? “யார் வந்தாலென்ன!” என்கிறான். மழைநீர் வடிகாலைத் தூர்வாருவது மாநகராட்சியின் பணி என்று அவனிடம் எடுத்துரைத்தோமா? மேடையின் முன்னே அவனைக் கைதட்ட வைத்தோம். அவன் வீட்டுக் கதவைத் தட்டினோமா? குற்றம் அவனுடையது மட்டுமன்று, நம்முடையதுமாகும்.

உரிமை வந்த வரலாற்றையாவது சொன்னோமா? 1920இல் சென்னை மாகாணத்திலே சொத்துடையார்க்கே வாக்கு. 1952இல் 21 வயது நிரம்பிய அனைவர்க்கும். 1989இல் 18 வயதினர்க்கும் வந்தது. பாட்டனுக்கு மறுக்கப்பட்டதைப் பேரன் பெட்டியிலே பூட்டி வைப்பதோ?

புறப்படு, தம்பி! வாடகை வீடு மாறியோர் பெயர் பட்டியலில் உண்டா என்று பார், இல்லையேல் சேர்த்துவிடு. நமக்குத்தான் வாக்களிப்பானா என்று கணக்குப் பாராதே. முதலில் அவன் வரட்டும். வாதாடி வெல்வோம் பிறகு!