ஜெர்மன் ‘வராத’ குழந்தை

ஆறாம் வகுப்பில் மூன்றாம் மொழியாக ஜெர்மன் எடுத்த குழந்தை இரண்டு தேர்வுகளில் பின்தங்கிவிட்டால், தில்லியிலும் புணேயிலும் பெங்களூரிலும் பெற்றோர் கூட்டத்தில் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றே: ‘இந்தப் பிள்ளைக்கு மொழி வராது.’ வீட்டில் மராத்தியும் விளையாட்டில் இந்தியும் வகுப்பில் ஆங்கிலமுமாக மூன்று மொழிகளில் புழங்கும் பதினொரு வயதுப் பிள்ளையைப் பற்றி இவ்வாறு சொல்ல நாக்கூச வேண்டும். பெற்றோரும் மறுத்துப் பேசுவதில்லை, டியூஷனில் சேர்த்துவிடுகின்றனர். பள்ளியில் புரியாத அதே அட்டவணை அங்கே இன்னும் உரத்த குரலில் ஒப்பிக்கப்படுகிறது.

குறை பிள்ளையிடம் இல்லை. ஜெர்மனை ஆங்கிலத்தின் வழியாக மட்டுமே புகட்டும் வகுப்பறையில் இருக்கிறது.

‘எனக்குக் குளிர்கிறது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் பிள்ளை ‘இஷ் பின் கால்ட்’ என்று எழுதுகிறது. ஆங்கிலத்தின் ‘ஐ ஆம் கோல்ட்’ சொல்லுக்குச் சொல் மாறி வந்ததன் விளைவு அது. சிவப்பு மை விழுகிறது. சரியான வடிவம் ‘மிர் இஸ்ட் கால்ட்’. ‘மிர்’ என்பது ‘எனக்கு’. இந்தியின் ‘முஜே’, மராத்தியின் ‘மலா’ ஆகியனவும் அதுவே. குளிரையும் பசியையும் விருப்பத்தையும் ‘எனக்கு’ என்று தொடங்கிச் சொல்வது இந்திய மொழிகள் பெரும்பாலானவற்றின் இயல்பு. ‘எனக்கு இந்தப் புத்தகம் பிடிக்கிறது’ என்பதற்கு ஜெர்மனிலும் ‘மிர்’ என்றே வரலாம். மூன்று வயதிலேயே குழந்தையின் நாவில் படிந்துவிட்ட ஓர் அமைப்பை, ஆங்கிலத்தில் இல்லை என்ற ஒரே காரணத்தால், ‘கடினமான டேட்டிவ்’ என்று பெயர் சூட்டி அச்சுறுத்துகிறார்கள்.

துணை வாக்கியமும் அப்படித்தான். ‘வைல் இஷ் ம்யூடெ பின்’ என்றால் ‘ஏனெனில் நான் களைப்பாக இருக்கிறேன்’. வினை கடைசியில் நிற்கிறது. வினையைப் பிடுங்கி வாக்கியத்தின் வாலில் நட வேண்டும் என்று வகுப்பில் இதை ஒரு விந்தைபோல விளக்குகின்றனர். ‘க்யோங்கி மைன் தகா ஹூன்’ என்று நாள்தோறும் சொல்லும் சிறுவனுக்கு இதில் பிடுங்கவும் நடவும் என்ன இருக்கிறது? 21 என்பதை ஜெர்மன் ‘ஒன்றும் இருபதும்’ என்கிறது. இந்தியின் ‘இக்கீஸ்’, மராத்தியின் ‘ஏக்வீஸ்’ ஆகியவற்றிலும் ஒன்றே முன்னால் நிற்கிறது. (தமிழின் ‘இருபத்தொன்று’ இவ்விடத்தில் ஆங்கிலத்தோடு சேர்ந்துகொள்கிறது, அதை மறைப்பானேன்?)

ஒரே வகுப்பில் பத்துத் தாய்மொழிகள் இருக்கையில் எதனோடு ஒப்பிடுவது என்பது ஆசிரியர் தரப்பின் வாடிக்கையான மறுப்பு. பத்தையும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டியதில்லை. ‘உன் வீட்டில் இதை எப்படிச் சொல்வார்கள்?’ என்று கேட்டால் போதும். வினையை இறுதியில் வைப்பது இந்தோ-ஆரியம், திராவிடம் ஆகிய இரு குடும்பங்களுக்கும் பொதுவான வழக்கம். அதற்கு விலக்காக நிற்கும் காஷ்மீரியோ முதன்மை வாக்கியத்தில் வினையை இரண்டாம் இடத்தில் வைக்கிறது. ஜெர்மனும் அதையே செய்கிறது. ஸ்ரீநகர்ப் பிள்ளை எதற்கும் இதை எவரேனும் சொல்லியிருப்பார்களா?

பெரியவர்களின் அக்கறை வேறிடத்தில் இருந்தது. 2011இல் ஓர் ஒப்பந்தத்தின் வழியாகக் கேந்திரிய வித்யாலயாக்களில் இடம்பெற்ற ஜெர்மன், 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவே, மூன்றாம் மொழி என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டு அவ்விடத்தில் சமஸ்கிருதம் வைக்கப்பட்டது. 70,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பாதிக்கப்பட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஜெர்மன் சான்சலர் மெர்கல், பிரிஸ்பேனில் நடந்த ஜி-20 மாநாட்டின்போது பிரதமரிடமே இதைப் பேசினார். தேசப்பற்றும் பண்பாடும் வேலைவாய்ப்பும் விவாதிக்கப்பட்ட அந்த வாரங்களில், அப்பிள்ளைகளுள் எத்தனை பேரால் ஜெர்மனில் நான்கு வாக்கியம் பேச முடிந்தது என்ற கேள்வி விவாதத்தின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை.

பெயர்ச்சொற்களின் பால் மெய்யாகவே கடினம். மூன்று பால் கொண்ட மராத்தியும் அங்கே முழுத்துணை ஆகாது. ஆயினும் சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ ஏன் ‘டாஸ்’ ஏற்கிறது என்பதற்குக் காரணம் உண்டு: ‘-ஷென்’ என்னும் சிறுமை விகுதி எப்போதும் ‘டாஸ்’தான். ‘-உங்’, ‘-ஹைட்’, ‘-கைட்’ என்னும் விகுதிகளைப் பெற்று முடியும் பெயர்கள் ‘டீ’. இவற்றைச் சொல்லித் தராமல் பதினாறு கட்ட அட்டவணையை உருப்போடச் சொல்வது கற்பித்தல் ஆகாது. மேசையைக் குறிக்கும் ‘டிஷ்’ என்ற சொல்லைத் தனியே எழுதவே விடக் கூடாது. ‘டெர் டிஷ்’ என்று ஒட்டியே, அதுவும் முழு வாக்கியத்தில், காது பழகும்வரை சொல்ல வேண்டும்.

ஜெர்மன் அறியாத பெற்றோராலும் இது இயலும். மாலையில் ஐந்து வாக்கியங்கள்; முதலில் வீட்டு மொழியில், பிறகு ஜெர்மனில். எந்தச் சொல் எங்கே நிற்கிறது என்பதைப் பிள்ளையே பெற்றோருக்கு விளக்க வேண்டும். விளங்காவிட்டால் மறுபடி கேட்கலாம். தெரியாதவர் கேட்பதால் பிள்ளைக்குக் கூச்சமும் இராது. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு மதிப்பெண் அட்டையோடு திருத்திய விடைத்தாளையும் எடுத்துச் சென்று, சிவப்பு மை விழுந்த ஒவ்வோர் இடத்திலும் அப்பிழை எந்த மொழியின் வழியாக வந்தது என்று ஆசிரியரிடம் கேட்கட்டும்.