யாருக்கு விற்கிறோம் என்று கேட்காத சந்தை

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், டல்சா நகரில் ஆண்டுக்கு இருமுறை ஒரு துப்பாக்கிக் கண்காட்சி கூடுகிறது. ஒரே கூரையின்கீழ் 11 ஏக்கர் பரப்பு. வரிசை வரிசையாக 4,200 மேஜைகள். இதைத் தொடங்கியது உள்ளூர்ச் சேகரிப்பாளர்களின் சங்கம் ஒன்று, ஆண்டு 1955. அந்தக் காலத்துக் கண்காட்சிகளுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பழம்பொருள் பித்தர்கள். உள்நாட்டுப் போரில் பயன்பட்ட மஸ்கட், கோல்ட் ரிவால்வர், வின்செஸ்டர் ரைஃபிள் என்று ஒருவர் வைத்திருப்பதை இன்னொருவர் கையில் வாங்கிப் பார்ப்பார். செய்த ஆண்டையும் செய்த பட்டறையையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். மனம் ஒப்பினால் மாற்றிக்கொள்வார்கள். அந்தப் பண்பாட்டின் மீது நமக்கு எந்தப் பகையும் இல்லை. பழைய பொருளின் மீது கொண்ட காதல் மதிக்கத்தக்கது.

ஆனால் இன்றைய கண்காட்சி அதுவல்ல. அது ஒரு முழுச் சந்தை. பெட்டி பெட்டியாகத் தோட்டா, அதிகக் குண்டு கொள்ளும் மேகசின், புத்தம் புதிய கைத்துப்பாக்கி, ஏ.ஆர்.-15 வகை ரைஃபிள், கத்தி, ராணுவ உடை, உப்புக்கண்டம் வரை அங்கே விலைக்கு உண்டு. பொருள் மாறியது பெரிதில்லை. வாங்குபவர் யார் என்று கேட்க வேண்டிய கடமை, அதே மண்டபத்தில் ஒரு மேஜைக்கு இருக்கிறது. பக்கத்து மேஜைக்கு இல்லை. இந்த நிலையை அமெரிக்க நாடாளுமன்றம் தெரிந்தே நாற்பது ஆண்டுகளாக நீடிக்க விட்டிருக்கிறது என்பதுதான் நமது குற்றச்சாட்டு.

இது தானாக நடந்ததல்ல. அதிபர் கென்னடியைக் கொன்ற ரைஃபிள், ஒரு சிகாகோ கடையிலிருந்து பொய்ப் பெயரில் தபால்வழி வாங்கப்பட்டது. அதன் பிறகு மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டார்கள். இந்தச் சாவுகளின் நிழலில் 1968-ல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வியாபாரிக்கு உரிமம் வேண்டும். உரிமத்தில் குறித்த கடையில் மட்டுமே அவர் விற்கலாம். வாங்குபவர் படிவம் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். ஆகவே உரிமம் பெற்ற வியாபாரி கண்காட்சியில் மேஜை போட்டு விற்க முடியாத நிலை இருந்தது. கண்காட்சி சேகரிப்பாளர்களின் கூடலாகவே நின்றது.

திருப்பம் 1986-ல் நிகழ்ந்தது. அதிபர் ரீகன் கையெழுத்திட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், வியாபாரிகள் தங்கள் மாநிலத்துக்குள் நடக்கும் கண்காட்சிகளில் விற்கலாம் என்று உறுதி செய்தது. புதுச் சரக்கோடு அவர்கள் உள்ளே வந்தார்கள், கூட்டமும் பெருகியது. அதே சட்டம் இன்னொன்றையும் செய்தது. யார் வியாபாரி என்பதற்கு அது தந்த இலக்கணம் மிகவும் தளர்வானது. பிழைப்புக்காகவும் லாபத்துக்காகவும் திரும்பத் திரும்ப வாங்கி விற்பவரே வியாபாரி; சொந்தச் சேகரிப்பிலிருந்து அவ்வப்போது விற்பவருக்கு உரிமம் வேண்டியதில்லை. தாத்தா விட்டுச்சென்ற வேட்டைத் துப்பாக்கியை அண்டை வீட்டாருக்கு விற்கும் விவசாயியை மனத்தில் வைத்து இந்த விலக்கு எழுதப்பட்டது என்றால் அது நியாயமே. ஆனால் வாரா வாரம் ஊர் ஊராகப் போய் மேஜை போடுகிறவரும் இது என் சொந்தச் சேகரிப்பு என்று சொல்லி அதே விலக்குக்குள் புகுந்துகொள்ள முடிந்தது.

1993-ல் வந்த பிராடி சட்டம் இந்த முரண்பாட்டை இன்னும் கூர்மையாக்கியது. ரீகன் மீது 1981-ல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தலையில் குண்டு பாய்ந்து ஊனமுற்ற ஜேம்ஸ் பிராடியின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. குற்றவாளியா, நீதிமன்றத் தடை உள்ளவரா, மனநலக் காரணத்தால் விலக்கப்பட்டவரா என்று வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்றது. 1998 நவம்பர் முதல் எஃப்.பி.ஐ.யின் கணினி வழியாகப் பெரும்பாலான சோதனைகள் சில நிமிடங்களில் முடிகின்றன. ஆனால் இந்தக் கடமையும் உரிமம் பெற்றவருக்கு மட்டுமே. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தது போலாயிற்று.

அந்தக் கதவின் அகலத்தை 1999 ஜனவரியில் அமெரிக்க நிதித்துறையும் நீதித்துறையும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை காட்டியது. 1998-ல் விளம்பரம் செய்யப்பட்ட கண்காட்சிகள் மட்டும் 4,442. மேஜை போட்டவர்களில் பாதி முதல் முக்கால் பங்கினரே உரிமம் பெற்றவர்கள். மற்றவர்கள் யாருக்கு எதை விற்றார்கள் என்பதற்கு ஒரு காகிதத் துண்டு கூட இல்லை.

அறிக்கை வந்த மூன்றே மாதத்தில், 1999 ஏப்ரல் 20 அன்று, கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் சக மாணவர்கள் 12 பேரையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் பயன்படுத்திய நான்கு துப்பாக்கிகளில் மூன்று, சில மாதங்களுக்கு முன் டென்வர் அருகே ஒரு கண்காட்சியில் வாங்கியவை. அப்போது இருவருக்கும் 18 வயது ஆகவில்லை. 18 நிரம்பிய ஒரு தோழியை அழைத்துப் போனார்கள். உரிமம் இல்லாத தனியாரிடமே வாங்கினார்கள், படிவமில்லை, சோதனையில்லை. ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்று அந்தப் பெண் பின்னாளில் மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் சொன்னார். சோதனையால் எந்தப் பயனும் இல்லை என்று வாதிடுவோர் அந்த வாக்குமூலத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஒரு காகிதம் என்ன செய்திருக்கும் என்பதை அங்கே நின்று வாங்கியவரே சொல்லியிருக்கிறார்.

அந்த மே மாதம் அமெரிக்க செனட்டில், எல்லாக் கண்காட்சி விற்பனைக்கும் சோதனை கட்டாயம் என்னும் திருத்தம் சரிபாதியாகப் பிரிந்து நின்றது. துணை அதிபர் அல் கோர் தன் வாக்கைப் போட்டு 51-க்கு 50 என்று நிறைவேற்றினார். அதே மாதத்தில், துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான வெய்ன் லாபியேர், கண்காட்சியில் நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் உடனடிச் சோதனை இருப்பது நியாயமே என்று நாடாளுமன்றக் குழுவிடம் கூறினார். ஆயினும் அடுத்த மாதம் பிரதிநிதிகள் சபையில் இந்த முயற்சி மடிந்தது. அதே சங்கம் பிற்காலத்தில் அதே சோதனையைச் சுதந்திரத்தின் மீதான தாக்குதல் என்று எதிர்த்தது. சோதனையின் தன்மையில் இடைப்பட்ட காலத்தில் எந்த மாற்றமும் இல்லை. சங்கத்தின் அரசியல்தான் மாறியது.

கொலராடோ மக்கள் காத்திருக்கவில்லை. 2000 நவம்பரில் நேரடி வாக்கெடுப்பில், ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் ஆதரவோடு, கண்காட்சி விற்பனைக்குச் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். அந்தச் சட்டத்தின் ஏற்பாடு எளிமையானது: கண்காட்சி நடத்துபவர் உரிமம் பெற்ற வியாபாரி ஒருவரையாவது ஏற்பாடு செய்து வைக்க வேண்டும், தனியார் விற்பனையும் அவர் வழியாகச் சோதிக்கப்பட வேண்டும். கொலராடோவில் கண்காட்சிகள் ஒழிந்துவிடவில்லை. ஆரிகன் மாநிலமும் அதே நாளில் இதே முடிவை எடுத்தது. கலிஃபோர்னியாவில் 1991 முதலே தனியார் விற்பனையும் வியாபாரி வழியாகத்தான் நடக்க வேண்டும்.

சட்டம் இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. 2009-ல் நியூயார்க் மாநகர நிர்வாகம் ஒஹையோ, டென்னசி, நெவாடா மாநிலங்களில் நடந்த ஏழு கண்காட்சிகளுக்கு மாறுவேடத்தில் ஆட்களை அனுப்பியது. பின்னணிச் சோதனையில் நான் தேற மாட்டேன் என்று அவர்கள் வாய்விட்டே சொன்னார்கள். அப்படிக் கேட்ட 30 தனியார் விற்பனையாளர்களில் 19 பேர் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். தேற மாட்டார் என்று நம்பக் காரணம் இருக்கும்போது விற்பது தனியாருக்கும் குற்றமே. சோதிக்கும் கடமை இல்லாத இடத்தில் அந்தத் தடை ஏட்டில் கிடக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைக்க நாம் விரும்பவில்லை. 2016-ல் அமெரிக்கச் சிறைக் கைதிகளிடம் நடத்திய அரசு ஆய்வில், குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் கண்காட்சியில் வாங்கியதாகச் சொன்னவர்கள் 0.8 சதவீதம் மட்டுமே. தெருவிலும் கள்ளச் சந்தையிலும் வாங்கியதாகச் சொன்னவர்கள் 43 சதவீதம். எண்கள் உண்மை. ஆனால் கைதிக்குத் தெரிந்தது தனக்குக் கொடுத்த கடைசிக் கை மட்டும். அந்தக் கைக்கு அது எங்கிருந்து வந்தது? மது, புகையிலை, துப்பாக்கி ஆகியவற்றைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். அமைப்பு, 1996 ஜூலை முதல் 1998 டிசம்பர் வரை தான் விசாரித்த கடத்தல் வழக்குகளைத் தொகுத்து 2000-ல் வெளியிட்டது. அந்த வழக்குகளில் கண்காட்சிகள் தொடர்பானவற்றில் மட்டும் சுமார் 26,000 துப்பாக்கிகள் கைமாறியிருந்தன. மொத்தமாக அள்ளிச் செல்லும் இடைத்தரகருக்குக் கேள்வி கேட்காத மேஜைகள் ஒரே கூரையின்கீழ் கிடைப்பதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

சோதனை என்று தொடங்கி எல்லாத் துப்பாக்கிக்கும் அரசுப் பதிவேடு என்று முடியும் என்பது அடுத்த அச்சம். அப்படிப் பதிவேடு வைப்பதை 1986 சட்டமே தடை செய்கிறது. தேறியவரின் அடையாள விவரத்தை எஃப்.பி.ஐ. 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்பதும் சட்டம். ஆயுதம் வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-ல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றமே, துப்பாக்கி வணிகத்துக்கு நிபந்தனைகள் விதிப்பதை அந்தத் தீர்ப்பு சந்தேகத்துக்கு உள்ளாக்கவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பின்னணிச் சோதனைக்கு எதிராக அரசியல் சாசனத்தைக் காட்டுவது பொருந்தாது.

இதற்குள் சந்தை மண்டபத்தைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் வார இறுதியில் கார் ஓட்டிப்போய் நுழைவுச் சீட்டு வாங்கிச் சந்திக்க வேண்டியிருந்த விற்பனையாளரை இன்று கைப்பேசியில் தேடிப் பிடித்து, ஏதாவதொரு வாகன நிறுத்தத்தில் சந்தித்துப் பணம் கொடுத்துவிடலாம். 2019 ஆகஸ்டில் டெக்சாஸின் மிட்லண்ட், ஒடெசா நகரங்களில் ஏழு பேரைக் கொன்றவன் 2014-லேயே பின்னணிச் சோதனையில் தோற்றவன். கடை அவனைத் திருப்பி அனுப்பியது. சட்டம் தன் வேலையைச் செய்தது. பிறகு அவன் உரிமம் இல்லாத ஒரு தனியாரிடம் ரைஃபிள் வாங்கினான். 2017-ல் வெளியான ஒரு மருத்துவ இதழ் ஆய்வு, முந்தைய இரண்டு ஆண்டுகளில் துப்பாக்கி பெற்றவர்களில் 22 சதவீதத்தினர் எந்தச் சோதனையும் இன்றிப் பெற்றதாகக் கண்டது. ஆகவே மண்டபத்துக்கு மட்டும் பூட்டுப் போடும் சட்டம் இன்று போதாது. கண்காட்சியில் வளர்ந்த பழக்கம் இணையத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. விதியும் அங்கே போக வேண்டும்.

வாஷிங்டன் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. டெக்சாஸின் உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்ட பிறகு, 2022 ஜூனில் இரு கட்சியினரும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம், யார் வியாபாரி என்ற இலக்கணத்தை இறுக்கியது. பிழைப்பே அதுவாக இருக்க வேண்டியதில்லை, முதன்மை நோக்கம் லாபம் என்றாலே உரிமம் வேண்டும் என்றது. அதன் அடிப்படையில் 2024-ல் ஏ.டி.எஃப். விரிவான விதி வெளியிட்டது. டெக்சாஸில் ஒரு கூட்டாட்சி நீதிபதி தன் மாநிலத்துக்கும் வேறு சில தரப்புகளுக்கும் அதை உடனே நிறுத்தி வைத்தார். 2025-ல் ஆட்சி மாறியதும் அந்த விதியே மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. நிர்வாக விதியாக மட்டும் இருப்பது அடுத்த அதிபரின் பேனா முனையில் தொங்கும். நாடாளுமன்றம் தெளிவாக எழுதும் சட்டமே நிற்கும்.

அந்தச் சட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதில் நமக்குக் குழப்பமில்லை. முன்பின் அறியாதவர்களுக்கு இடையே நடக்கும் ஒவ்வொரு துப்பாக்கி விற்பனையும், மேஜையில் நடந்தாலும் இணையத்தில் தொடங்கினாலும், உரிமம் பெற்ற ஒருவர் வழியாகச் சோதிக்கப்பட வேண்டும். தந்தை மகளுக்குத் தருவதற்கும், குடும்பத்துக்குள் மரபுவழி வருவதற்கும் விலக்கு இருக்கலாம். கண்காட்சி நடத்துபவர் சோதனைக்கென ஒரு மேஜை ஒதுக்க வேண்டும். நேர்மையான சேகரிப்பாளர் இதில் இழப்பது சில நிமிடங்கள். தனக்குப் பிடித்த கூடத்தை ஆயுதக் கடத்தல்காரர் பயன்படுத்துவதை அவர்தான் முதலில் வெறுக்க வேண்டும்.

2013 ஏப்ரலில், சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் 20 குழந்தைகள் இறந்த நான்கு மாதம் கழித்து, ஏறத்தாழ இதே உள்ளடக்கத்தோடு ஒரு திருத்தம் செனட்டுக்கு வந்தது. கொண்டுவந்த ஜோ மேன்சின் அப்போது ஜனநாயகக் கட்சிக்காரர், பாட் டூமி குடியரசுக் கட்சிக்காரர். இருவரும் துப்பாக்கி உரிமையாளர்களின் ஆதரவு பெற்றவர்கள். 54 பேர் ஆதரித்தார்கள். தேவைப்பட்டது 60. ஹூஸ்டனிலும் டல்லாஸிலும் அட்லாண்டாவிலும் குடியேறி, பள்ளியில் துப்பாக்கிதாரி நுழைந்தால் எங்கே ஒளிவது என்று பிள்ளைகள் பயிற்சி பெறுவதைப் பார்க்கும் தமிழ்ப் பெற்றோர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் குடியுரிமை பெற்று வாக்களிப்போரும் ஏராளம். தங்கள் மாநில செனட்டர் இந்தச் சோதனைக்கு ஆதரவா எதிர்ப்பா என்று அவர்கள் தேர்தலுக்கு முன்பே எழுதிக் கேட்கட்டும். வரும் பதிலைப் பார்த்து வாக்களிக்கட்டும்.