எதுக்கெடுத்தாலும் கிளாஸா?

நம்ம வகுப்புல ப்ராஜெக்ட் பண்றவங்க பல பேருக்கு ஒரு வியாதி இருக்கு. ஃபைலைத் திறந்ததும் கை தானா 'கிளாஸ்'னு டைப் பண்ணுது. ஏன்டான்னு கேட்டா, "வைவால ஊப்ஸ் கான்செப்ட் எங்கேன்னு கேப்பாங்க"ங்கறாங்க. மார்க்குக்காகச் செஞ்சா புரியுது மக்களே. ஆனா அதுதான் நல்ல டிசைன்னு நம்ப ஆரம்பிக்கிறோம் பாருங்க, அங்கதான் எனக்குச் சண்டை.

கிளாஸ் எதுக்கு? டேட்டாவும் அதை மாத்துற வேலைகளும் ஒண்ணா, கொஞ்ச நேரமாவது உயிரோட இருக்கணும்கறப்ப. வெப் அப்ளிகேஷன்ல என்ன நடக்குது? ஒரு ரிக்வெஸ்ட் வருது, ஒரு ரெஸ்பான்ஸ் போகுது, கதை முடிஞ்சது. ஞாபகம் வெச்சுக்க வேண்டியதெல்லாம் டேட்டாபேஸ்லயோ செஷன்லயோ இருக்கு. உள்ளே போறது ஒண்ணு, வெளியே வர்றது ஒண்ணு. இதுக்குப் பேர்தான் ஃபங்ஷன்!

பைதான்ல ஜாங்கோவையே எடுத்துக்குங்க. 2011-ல வந்த 1.3 வெர்ஷன்ல கிளாஸ் வியூ நுழைஞ்சுது. அதை யூஆர்எல்லோட கோக்கணும்னா ஆஸ்_வியூவைக் கூப்பிடணும். அது திருப்பித் தர்றது என்ன தெரியுமா? ஒரு ஃபங்ஷன்! ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு ஆப்ஜெக்ட் பிறந்து, அந்த ரிக்வெஸ்டோடயே செத்துப்போகுது.

"லிஸ்ட்வியூ 10 வரியை 3 வரியாக்குதே?" ஆக்குது. ஆனா நாளைக்கு ஜூனியர் ஒருத்தன் அதுல சின்னதா எதையாவது மாத்தணும்னா, கெட், கெட்_க்வெரிசெட், கெட்_கான்டெக்ஸ்ட்_டேட்டா, ரெண்டர்_டு_ரெஸ்பான்ஸ்னு ஒவ்வொண்ணும் எந்தப் பாட்டன் கிளாஸ்ல ஒளிஞ்சிருக்குன்னு தேடணும்.

இதாவது நேரம்தான் வீண். அடுத்தது ஆபத்து. மார்க் பட்டியலை லாகின் பண்ணவங்க மட்டும்தான் பார்க்கணும்னு வெச்சுக்குங்க. 2015-ல வந்த 1.9-லிருந்து லாகின்ரிக்வயர்ட்மிக்ஸின் இருக்கு. அதை லிஸ்ட்வியூவுக்கு இடது பக்கம் எழுதணும். வலது பக்கம் எழுதிட்டா? எரர் கிடையாது, வார்னிங் கிடையாது, காவலே இல்லாம பக்கம் திறக்கும்! லிஸ்ட்வியூவோட மூதாதை கிளாஸ்ல இருக்குற டிஸ்பேட்ச் முந்திக்குது. மிக்ஸினோட முறை வரவே வராது. ஃபங்ஷன்லன்னா, தலைக்கு மேல லாகின்_ரிக்வயர்ட் டெக்கரேட்டர், ஒரே வரி. இருக்கா இல்லையான்னு பார்த்தாலே தெரியும்.

"பெரிய ப்ராஜெக்டுக்குக் கிளாஸ்தான்"ங்கற அண்ணன்களே, ஜாங்கோ மாடலும் ஃபார்மும் கிளாஸா இருக்கறதுல எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஃபார்ம் தன் டேட்டாவையும் அதுல உள்ள தப்புகளையும் சேர்த்துத் தூக்கிட்டுத் திரியுது, அதுக்குக் கிளாஸ் வேணும். ஒரே அச்சுல 20 பக்கம் இருந்தா லிஸ்ட்வியூவும் நியாயம்தான். நம்ம ப்ராஜெக்ட்ல இருக்கறது 6 பக்கம் சாமி!

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. 2012 பைகான்ல ஜாக் டீடரிக் சொன்னார்: ரெண்டே மெத்தட், அதுல ஒண்ணு இனிட்னா, அது கிளாஸே இல்லை, ஃபங்ஷன். 2019-ல ரியாக்ட் 16.8 ஹூக்ஸ் கொண்டுவந்துச்சு. இப்ப அவங்க டாக்குமென்ட்டே புதுசா எழுதறவங்களுக்கு ஃபங்ஷனைத்தான் சொல்லுது.

முதல்ல ஃபங்ஷனா எழுதுங்க. அதே நாலு ஆர்க்யுமென்டை நாலு ஃபங்ஷன் மாத்தி மாத்திக் கடத்துதுன்னா, கோடே கிளாஸ் கேக்குதுன்னு அர்த்தம். அப்பக் கொடுங்க. வைவால கேட்டா, "மாடல்ல இருக்கு சார்"னு தைரியமா சொல்லுங்க.

மாற்றுக் கருத்து உள்ளவங்க பின்னூட்டத்துக்கு வாங்க. ஆனா கோடோட வாங்க!