மாவுக்கட்டுப் போட்டவர்கள் கேட்காத கேள்வி

திருச்சுழிப் பக்கத்து அக்கா ஒருவர். வயது 46. மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத் தூய்மைப் பணி. தான் துடைத்த ஈரத்தரையில் தானே வழுக்கிக் கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி கிடையாது. "பாத்து நடக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார்கள். நின்ற உயரத்தில் இருந்து விழுந்ததற்கே இந்த வயதில் எலும்பு ஏன் உடைந்தது என்று யாரும் கேட்கவில்லை.

எலும்புப்புரை வலிக்காது. எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகிக்கொண்டே போகும்; பலருக்கு முதல் அறிகுறியே இப்படி ஒரு முறிவுதான். அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்து ஏழு வருடம். கூடவே சூலகத்தையும் எடுத்திருந்தால் எலும்பு வேகமாக இளைக்கும். எடுத்தார்களா என்பது அவருக்கே தெரியாது.

பால் குடியுங்கள், வெயிலில் நில்லுங்கள், நடங்கள் என்பார்கள் விழிப்புணர்வு முகாம்களில். நடையா? ஷிஃப்ட் முழுக்க அவர் வேறென்ன செய்கிறார்? வெயிலுக்குப் பேர்போன கரிசல் காட்டில் பிறந்தவருக்கு வேலைநாளெல்லாம் வார்டுக்குள்தான். உழைக்கிற உடம்புக்கு எலும்பு கெட்டி என்பதும் பாதி உண்மைதான். சுமை எலும்பை வலுவாக்கும், தட்டில் கால்சியமும் புரதமும் இருந்தால்.

தட்டில் என்ன இருக்கிறது? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் வீணா சத்ருக்னாவும் அவரது குழுவினரும் 30 முதல் 60 வயது வரையிலான 289 ஏழைப் பெண்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் 29 சதவீதம் பேருக்கு எலும்புப்புரை. அவர்களுக்குக் கிடைத்த கால்சியம் நாளொன்றுக்குச் சுமார் 270 மில்லிகிராம். இன்றைய பரிந்துரை 1000. இந்த நாட்டின் சத்துணவு நிபுணர்கள் தங்கள் உயர்சாதிச் சைவத் தட்டையே அளவுகோலாக்கி, ஏழைக்குத் தானியமும் பருப்பும் போதும் என்று முட்டையையும் இறைச்சியையும் ஒதுக்கினார்கள் என்று விமர்சித்தவரும் இதே சத்ருக்னாதான். எலும்பைப் பற்றிப் பேசினால் சாதியைப் பற்றியும் பேச வேண்டியிருப்பது அதனால்தான். மருத்துவமனையிலும் மாப் யார் கையில், ஸ்டெதஸ்கோப் யார் கையில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் கம்பெனி வந்து அதை மாற்றிவிடவில்லை.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. 2023இல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கலாம் என்று தொடங்கினார்கள். மானாவாரி மண்ணான அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் அது ஏன் முதலில் தோன்றவில்லை?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வீடு வீடாக மாத்திரை போவது பெரிய காரியம். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலையும் மகளிர் சுயஉதவிக்குழுப் பெண்களுக்குத் தொடக்கத்தில் கொடுத்தது மாதம் 4500 ரூபாய், அதுவும் ஊக்கத்தொகை என்ற பெயரில். அடுத்தவர் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கும் அவர்களது முதுகெலும்பை யார் பார்ப்பது?

மாப் பிடிக்கிற கைக்கும் எலும்புப் பரிசோதனை வேண்டும். மாதவிடாய் எப்போது நின்றது, கர்ப்பப்பை எடுத்தாயிற்றா என்று ஒரு தாளிலாவது எழுத வேண்டும். ஷிஃப்டில் முட்டை வேண்டும். பணியில் விழுந்தால் கட்டுப் பிரிக்கும்வரை முழுக்கூலி வேண்டும்.

அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். வாளியை இப்போது இடக்கையில் தூக்குகிறார்.