யானைக் கயிறும் இரண்டாவது கையெழுத்தும்

வங்கி வேலைக்காரனுக்கு அவ்வப்போது ஒரு பயிற்சி வகுப்பு வந்து சேரும். தலைமைப் பண்பு, ஆளுமை வளர்ச்சி என்று ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். டை கட்டிய பயிற்சியாளர் கட்டாயம் யானைக் கதை சொல்வார். குட்டியாக இருந்தபோது கட்டிய கயிற்றை, வளர்ந்த பிறகும் அறுக்க முடியாது என்று நம்பி நிற்கிறதாம் யானை. கயிறு காலில் இல்லை, மனசில் இருக்கிறது, மனசை மாற்று என்பார். எல்லோரும் கை தட்டுவோம். டீ வரும்.

இந்தக் கதையில் பாகன் எங்கே போனான்? மன்னார்குடிக் கோயில் செங்கமலத்தின் முடி அழகைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அங்கேயும் பாகன் பக்கத்தில்தான் நிற்கிறார். பாகனையும் அங்குசத்தையும் எடுத்துவிட்டால் கதையில் மிஞ்சுவது யானையின் முட்டாள்தனம் மட்டும்தான். 'நம்மால எங்க முடியும்' என்று ஒரு சேரிப் பையன் நினைப்பதையும் இப்படித்தான் அவனுடைய மனக்கோளாறு ஆக்குகிறார்கள். அப்புறம் மருந்தையும் அவனுக்கே விற்கிறார்கள்.

அந்த நினைப்பு தானாக முளைத்ததல்ல. அதற்கு இடம் உண்டு, பொருள் உண்டு. அது நாற்காலியில் இருக்கிறது, கொடிக்கம்பத்தில் இருக்கிறது, காசோலையின் அடியில் இருக்கிறது.

காசோலையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்பார்கள், வெளிநாட்டுப் பணம் புழங்கும் ஊர். ஆனால் எங்கள் கவுண்டருக்கு அந்தப் பணம் மட்டும் வருவதில்லை, வெண்ணாற்றங்கரை ஊராட்சிகளின் கணக்குகளும் வருகின்றன. 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி வந்த ஏற்பாடு இது: தலைவரை ஊர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும், அந்தப் பதவியில் நமக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள், அதில் இடஒதுக்கீடு கிடையாது. காசோலையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். முறைகேட்டைத் தடுக்கத்தான் என்று சொல்லலாம். நடப்பு என்ன? தலைவர் சேரியிலிருந்து வருவார், துணைத் தலைவர் குடியானத் தெருவிலிருந்து வருவார். பேனா யாரிடம் இருக்கிறது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தலைவர், நடவுக்குப் போகிற அம்மா. ஊர்ப் பெயர் வேண்டாம். குடிதண்ணீர் மோட்டார் எரிந்துபோய், மெக்கானிக்குக்குக் கொடுக்க வேண்டிய காசோலையோடு மூன்று தடவை வந்தார். ஒரு கையெழுத்துதான் இருந்தது. "பாக்கலாம், பாக்கலாம்ங்கிறாரு தம்பி. தண்ணி இல்லாம ரெண்டு தெருவும்தான் கெடக்குது, அவருக்கு வூட்டுல போரு இருக்கு" என்றார். நாலாவது தடவை இரண்டு கையெழுத்தோடு வந்தார். எப்படி என்று கேட்டேன். "கூட்டத்துல வச்சே கேட்டேன். போடலன்னா ஏன் போடலன்னு தீர்மான நோட்டுல எழுதிக் குடுங்க, அத எடுத்துக்கிட்டு கலெக்டர்ட்ட போறேன்னேன். எழுத ஒண்ணும் இல்ல அவருக்கு." எந்தப் பயிற்சியாளரும் அவருக்கு யானைக் கதை சொல்லவில்லை. முடிச்சு எங்கே இருக்கிறதென்று அவருக்கே தெரிந்திருந்தது.

எல்லோருக்கும் இது இவ்வளவு லேசில் முடிவதில்லை. மேலவளவில் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டு காலம் தலித் தலைவரை உட்காரவே விடவில்லை. 2006இல்தான் முடிந்தது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020இல் தலைவர் தரையில், மற்றவர்கள் நாற்காலியில். தலித் தலைவர்கள் சுதந்திர தினத்தில் கொடியேற்றுவதைத் தடுக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளரே 2022 ஆகஸ்டில் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இத்தனையும் செய்துவிட்டு, "அவுங்களுக்கு நிர்வாகம் தெரியலப்பா" என்கிறார்கள். காலை வாரிவிட்டு நடக்கத் தெரியவில்லை என்று சொல்கிற நியாயம்.

இதுவரை சொன்னதற்குத் தோழர்கள் தலையாட்டியிருப்பீர்கள். இனிச் சொல்லப்போவது நம் வீட்டுக் கதை.

நமது கூட்டங்களைப் பாருங்கள். மேடையில் பட்டதாரிகள், வழக்கறிஞர்கள், என்னைப் போன்ற கவிஞர்கள். கீழே களையெடுத்துவிட்டு வந்த பெண்கள், அதுவும் தரையில். இரண்டரை மணி நேரம் பேசுகிறோம். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டால் பாட்டுப் பாடச் சொல்லவோ நன்றி சொல்லவோதான். தலைமை தாங்கச் சொன்னால் என்ன என்று கேட்டால் "அவங்களுக்குப் பேச வராது தோழர்" என்று பதில் வருகிறது. இந்த வாக்கியம் யாருடையது? ஆண்டை சொன்னது. ஆள் மாறியிருக்கிறது, வாக்கியம் மாறவில்லை.

பேச வராதவர்களா? இந்தத் தஞ்சை மண்ணில் சவுக்கடியையும் சாணிப்பாலையும் ஒழிக்க 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் போட வைத்தவர்கள் பண்ணையாட்கள். சீனிவாசராவ் வெளியிலிருந்து வந்தார், பெரிய மனிதர், மறுக்கவில்லை. ஆனால் அவர் பேரை வரலாறாகவும் சேரிக்காரர்கள் பேரைக் கூட்டமாகவும் எழுதிவிட்டோம். களப்பால் குப்பு நம்மில் ஒருவர், விவசாயச் சங்கத்தின் தலைவர், 1948இல் திருச்சிச் சிறையில் செத்தவர். நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மாணவர்கள் 1969இல் தனி அமைப்பாக எழுந்ததும் இந்தக் கேள்வியால்தான். அதற்கு முதல் தலைவர் ஸ்டீவ் பைக்கோ, மருத்துவ மாணவர். அதுவரை அவர்கள் இருந்த அமைப்பின் வெள்ளைத் தலைவர்கள் நிறவெறியை எதிர்த்தவர்கள்தான், நல்லவர்கள்தான். ஆனால் கறுப்பர் எப்போது, எவ்வளவு கோபப்படலாம் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். 1977இல் பைக்கோவை அரசு காவலில் வைத்துக் கொன்றது. நாம் அவர் படத்தைச் சுவரொட்டியில் போடுகிறோம், அவருடைய கேள்வியை மட்டும் நம் மைக் பக்கம் திருப்புவதில்லை.

எங்கள் திருவாரூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி மூன்றில் ஒருவருக்கு மேல் நம் சனம். ஊராட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் வேட்பாளருக்குத் துண்டறிக்கை அடிக்கிறோம், ஜெயித்த மறுநாள் தனியே விட்டுவிட்டு வருகிறோம். அவர் தீர்மான நோட்டை எழுத்தரிடமும், முத்திரையைத் துணைத் தலைவரிடமும் பறிகொடுக்கிறார். அப்புறம் 'பொம்மைத் தலைவர்' என்று நாமே கட்டுரை எழுதுகிறோம்.

அமைப்புகளுக்கு நான் கேட்பது இது. மாதம் ஒரு கூட்டமாவது கூலி வேலை செய்கிற ஒரு பெண் தலைமையில் நடக்கட்டும், தடுமாறினால் தடுமாறட்டும், பட்டதாரி எவனும் இடையில் எழுந்து 'தோழர் சொல்ல வருவது என்னவென்றால்' என்று விளக்கம் சொல்லக் கூடாது. அமைப்பின் வரவு செலவு நோட்டு முறை வைத்துத் தெருத் தெருவாகக் கை மாறட்டும். காசோலை எழுதுவது, வவுச்சர் சரிபார்ப்பது, தீர்மானத்தில் மறுப்பைப் பதிவு செய்வது, இவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து சொல்லித் தருகிறேன். அந்த நடவுக்கார அம்மாவையும் கேட்டிருக்கிறேன், அறுப்பு முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பந்தல் வேண்டாம். நாற்காலி மட்டும் எல்லோருக்கும் போடுங்கள்.