வாசலில் நிற்கும் வண்டி சேமிப்பாகுமா?

 

இந்த மாதம் நாம் பேசப்போவது கார்களைப் பற்றி. அதிலும் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லப்படும், தரையோடு ஒட்டி உறுமிக்கொண்டு ஓடும் ஆடம்பரக் கார்களைப் பற்றி. "அது ஆண்கள் பாடு, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வண்டி ஆணின் பெயரில்தான் பதிவாகிறது. ஆனால் அதை வாங்குவதற்காக அடகுக் கடைக்குப் போவது பல வீடுகளில் பெண்ணின் கழுத்து மாலையும் கைக்காப்பும்தான். சில வேளைகளில் அவள் பெயரிலுள்ள வீட்டு உறுதியும் கூடவே போய்விடுகிறது.

காத்தான்குடி, ஏறாவூர், பாலமுனை, காங்கேயனோடை என்று மட்டக்களப்பு வாவியை அண்டிய நம் ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கே வந்து வாழ்வது வழக்கம். அந்த வீட்டைக் கட்ட வாப்பா எத்தனை வருடம் கடையில் நின்றிருப்பார்! எத்தனை உம்மாமார் வெளிநாட்டில் அடுத்தவர் அடுப்படியில் வெந்திருப்பார்கள்! அப்படிச் சேர்ந்த சொத்து ஒரு வண்டியாக மாறி வாசலில் நிற்கும்போது, "காசு எங்கே போகிறது? வண்டியாக நிற்கிறதுதானே! நாளைக்கு விற்றால் வாங்கியதைவிடக் கூட வரும்" என்று வீட்டு ஆண்கள் சொல்வார்கள். இந்தப் பேச்சு உண்மையா? அதைத்தான் இம்மாதம் ஆராயப் போகிறோம்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?

இந்தப் பேச்சு வெறும் கற்பனையல்ல. சில வருடங்கள் நம் நாட்டில் அப்படித்தான் நடந்தது. கொவிட் நோய் பரவிய 2020 மார்ச்சில், டொலரை மிச்சப்படுத்துவதற்காக அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் வர அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். ஏறத்தாழ ஐந்து வருடங்கள் புதுக் கார் கப்பலில் வந்து இறங்கவில்லை. நாட்டுக்குள் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. வாங்க ஆள் உண்டு, வர வண்டி இல்லை. விலை ஏறாமல் என்ன செய்யும்?

இதற்கிடையில் 2022ஆம் ஆண்டின் நெருக்கடி வந்தது. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. ஓடித் தேய்ந்த கார்கள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்பட்டதை நாமெல்லோரும் கண்டோம்.

ஆனால் சகோதரிகளே, ஒன்றைக் கவனியுங்கள். ஏறியது காரின் பெறுமதியா? இல்லை. இறங்கியது ரூபாவின் பெறுமதி. 30 இலட்சத்துக்கு வாங்கிய காரை 60 இலட்சத்துக்கு விற்றவர், அந்த 60 இலட்சத்தைக் கொண்டுபோய் அதேபோன்ற இன்னொரு காரைத்தான் வாங்க முடிந்தது. துறைமுகக் கதவு பூட்டிக் கிடந்ததாலும் ரூபா கரைந்ததாலும் வந்த விலை அது. அதைக் கண்டு, "வண்டி என்றால் விலை ஏறும்" என்று பாடம் படித்துக்கொண்டதுதான் தவறு. பூட்டிய கதவு ஒருநாள் திறக்கும். திறக்கப்போகிறது என்ற பேச்சு எழும்போதே, "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று வாங்குபவர் கையை மடக்கிக்கொள்வார்.

ஆடம்பர வண்டிக்கு நேர்ந்தது என்ன?

அதே 2022இல் இன்னொரு காட்சியும் இருந்தது. ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்ற நிலை வந்தது. சாதாரண பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. பிறகு கியூஆர் முறை வந்தபோது ஆரம்பத்தில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் உறுமல் கார் அந்த 20 லீற்றரில் 160 கிலோமீற்றர்தான் போகும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் பாதி வழி! லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் சிறிய கார் அதே பெற்றோலில் 400 கிலோமீற்றர் போகும். அப்படியானால் சந்தையில் எதைத் தேடுவார்கள்? பழைய சைக்கிளுக்கே கிராக்கி வந்த காலம் அது. கடனும் இலேசில் கிடைக்கவில்லை. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை ஒரே நாளில் 7.5 இலிருந்து 14.5 வீதமாக்கியது. தவணைப் பணம் தாங்க முடியாதவர் விற்க நினைப்பார். வாங்க நினைப்பவருக்கோ கடன் இல்லை. இந்த நெருக்குவாரத்தில் முதலில் மாட்டிக்கொள்வது ஆடம்பர வண்டிதான்.

வெளியுலகில் நடந்தவை

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1989இல் பிரித்தானியாவின் ஜாகுவார் கம்பனி எக்ஸ்ஜே 220 என்ற அதிவேகக் காரைச் செய்யப்போவதாக அறிவித்து, ஆளுக்கு 50,000 பவுண் முற்பணம் வாங்கியது. பங்குச் சந்தைபோல் கார்ச் சந்தையும் கொதித்துக்கொண்டிருந்த காலம். பலர் ஓட்டுவதற்காக அல்ல, கை மாற்றி இலாபம் பார்ப்பதற்காகவே பெயர் கொடுத்தார்கள். 1992இல் கார் தயாரானபோது நாடு பொருளாதார மந்தத்தில் கிடந்தது. காரின் விலையோ வரியெல்லாம் சேர்த்து 4,70,000 பவுண் அளவுக்கு வந்திருந்தது. பெயர் கொடுத்த பலர், "எங்களுக்கு வேண்டாம்" என்று பின்வாங்கி, நீதிமன்றம் வரை போனார்கள். 350 வரை செய்ய எண்ணியிருந்த கம்பனி 300ஐக்கூட எட்டவில்லை. செய்தவற்றிலும் சில விலைப்படாமல் வருடக்கணக்கில் தேங்கி நின்றன.

நம் பிள்ளைகள் உழைக்கப் போகும் துபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2008, 2009 நிதி நெருக்கடியில் அங்கே கட்டட வேலைகள் நின்றன. வேலை இழந்த வெளிநாட்டவர் சிலர் கடனுக்கு வாங்கிய கார்களை விமான நிலைய வாகனத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு ஊருக்கு விமானம் ஏறினார்கள். அவற்றின் எண்ணிக்கையைச் செய்தித்தாள்கள் ஊதிப் பெருப்பித்தன என்றாலும், கார்களை விட்டுப்போனது உண்மை. விற்றால் கடனை அடைக்கலாமே, ஏன் விட்டுப் போனார்கள்? விற்ற காசு கடனுக்குக் காணாது என்பதுதான் காரணம். பணமில்லாமல் காசோலை திரும்பினால் சிறை என்ற சட்டம் அப்போது அங்கே இருந்தது.

ஏன் இவை முதலில் விழுகின்றன?

கஷ்ட காலத்தில் ஒரு குடும்பம் எதை முதலில் விடும்? அரிசியையா, அத்தரையா? வண்டியும் அப்படித்தான். சரக்கு ஏற்றும் லொறி, கடைக்கு ஓடும் வேன், வயலுக்குப் போகும் லேண்ட்மாஸ்டர், வாடகைக்கு ஓடும் ஓட்டோ ஆகியவை உழைத்துக் கொடுப்பவை. அவற்றை எந்தக் காலத்திலும் தேடி வருவார்கள். இரண்டு பேர் மட்டும் இருந்து போகும் கார் யாருக்கு வேண்டும்? வாங்கக்கூடியவர் சிலர்தான். அந்தச் சிலருக்கும் அதே நேரத்தில்தான் வியாபாரம் படுத்திருக்கும். பத்துப் பேர் விற்க வர, ஒருவர் வாங்க வந்தால், அந்த ஒருவர் சொன்னதுதான் விலை.

இன்னொன்று, இத்தகைய காரின் விலை இறங்கும், செலவு இறங்காது. மஸ்டா ஆர்எக்ஸ் 8 என்ற காரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2003 முதல் 2012 வரை செய்யப்பட்டது. அதன் சுழல் எஞ்சின் பெற்றோலைக் குடிப்பதோடு, எஞ்சின் எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கும்படி அமைக்கப்பட்டது. பாவித்தது மலிவாகக் கிடைக்கிறது என்று ஓர் இளைஞர் வாங்கிவிடலாம். அதைத் திருத்தத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடி எங்கே போவது? உதிரிப்பாகம் எங்கிருந்து வரும்? அதனால்தான் அது மலிவு!

ஒரு கணக்கு

பேனையை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, 60 இலட்சம் ரூபா கார். கையிலிருந்து 25 இலட்சம், லீசிங் 35 இலட்சம், வருடத்துக்கு 16 வீதம், ஐந்து வருடத் தவணை. மாதம் ஏறத்தாழ 85,000 ரூபா கட்ட வேண்டும். இரண்டு வருடத்தில் கட்டியது சுமார் 20 இலட்சம். முதலில் கொடுத்ததையும் சேர்த்தால் 45 இலட்சம். ஆனால் கடனில் இன்னும் 24 இலட்சம் மீதி நிற்கும்!

இந்த நேரத்தில் வியாபாரம் படுத்து, காரின் விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கி 40 இலட்சமாகிறது என்று வையுங்கள். விற்றுக் கடனை அடைத்தால் கையில் 16 இலட்சம். போட்ட 45இல் 29 இலட்சம் போய்விட்டது. ஆடம்பரக் கார் என்பதால் 24 இலட்சத்துக்குத்தான் கேட்கிறார்கள் என்றால்? கடனை அடைத்ததும் கை வெறுங்கை. காப்புறுதி, பெற்றோல், திருத்த வேலை எல்லாம் இதற்குப் புறம்பு.

வட்டியைத் தவிர்த்து இஜாரா, முராபஹா முறையில் எடுக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. வட்டியிலிருந்து ஒதுங்குவது நல்லதே. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். எந்த முறையில் எடுத்தாலும் சந்தையில் காரின் விலை விழுவதை அது தடுக்காது. ஒப்புக்கொண்ட தொகை ஒப்புக்கொண்டதுதான்.

தங்கத்தின் விலை இறங்காதா என்று கேட்பீர்கள். இறங்கும். 2011இல் ஓர் அவுன்ஸ் 1,900 டொலர் வரை போன தங்கம், 2015 இறுதியில் 1,050 டொலர் அளவுக்கு வந்தது. ஆனால் தங்கம் பெற்றோல் குடிப்பதில்லை, ஓடித் தேய்வதில்லை. எந்த ஊரிலும் ஒரு மணி நேரத்தில் காசாகும். 2022இல் பல வீடுகளில் அடுப்பை எரிய வைத்தது அந்த ஒன்றிரண்டு பவுண் நகைதான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அப்படியானால் வண்டியே வாங்கக் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. தேவைக்கு வாங்குங்கள், செலவு என்று தெரிந்து வாங்குங்கள். சேமிப்பு என்று எண்ணி வாங்காதீர்கள். கணவரோ மகனோ வண்டிப் பேச்சு எடுத்தால் சண்டை பிடிக்காமல் பக்குவமாக இவற்றைக் கேளுங்கள்:

இந்த வண்டி மாதம் எவ்வளவு உழைத்துத் தரும்? உழைக்காது என்றால், எவ்வளவு விழுங்கும்?

ஆறு மாதம் வருமானம் நின்றால் தவணையை எதிலிருந்து கட்டுவது?

நாளைக்கே விற்க வேண்டி வந்தால் நம் ஊரில் இதை வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள்?

விலை பாதியானால் மிஞ்சும் கடன் எவ்வளவு?

இதற்காக வீட்டு உறுதியை ஈடு வைக்க வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால், அந்த வண்டி வேண்டாம். கார் போனால் நடந்து போகலாம். வீடு போனால் மகள் எங்கே போவாள்?

ஏற்கெனவே வாங்கித் தவணை கட்ட முடியாமல் திணறுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. "விலை ஏறட்டும்" என்று காத்திருந்து மூன்று நான்கு தவணைகளைத் தவற விடாதீர்கள். இன்று கடனை முடித்தால் எவ்வளவு என்று கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். வண்டியை அவர்கள் பிடித்துக்கொண்டுபோய் ஏலத்தில் விட்டால், நீங்கள் நின்று விற்கும் விலை கிடைக்காது. ஏலக் காசு கடனுக்குப் போதாவிட்டால் மீதியையும் உங்களிடமே கேட்பார்கள். கடன் முடிந்ததும், வாகனப் பதிவில் கம்பனியின் பெயர் நீக்கப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிணை நின்று கையெழுத்துப் போட்டது நீங்கள் என்றால் அதையும் மறந்துவிடாதீர்கள்.

வாசலில் வண்டி நிற்பது அழகுதான். அந்த அழகுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று வீட்டுக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டாரையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.